ஒரு கொடிக்கு இரண்டு வேர்

மழை வரும் என்று யாருமே நினைக்கவில்லை. காரிமங்கலம் சந்தையில் அன்று காலை அப்படி ஒரு வெயில். ஒரு மணி வாக்கில் மேற்கே ஒரு கறுப்பு தெரிந்தது... தக்காளிக் கூறு போட்டிருந்த ஒருத்தி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்... அவ்வளவுதான். அடுத்த நிமிடம் சந்தையே கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

ஜுபைதா ஓடவில்லை. அவளிடம் ஒரு தார்ப்பாய் இருந்தது. அதன் நான்கு மூலைகளையும் இழுத்துக் கட்டிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். கடுக்காய், வசம்பு, ஆவாரம்பூ, ஆடாதொடை... ஒவ்வொன்றின் வாசனையும் ஈரத்தில் எழுந்து வந்து அவளைத் தொட்டுவிட்டுப் போனது.

தர்மபுரிக் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அப்துல் சுபானுக்கு அவள் ஒரே மகள். அத்தாவின் கண்களில் புரை விழுந்ததிலிருந்து வாராவாரம் சந்தைக்கு அவளும் கூட வருகிறாள். 'இருபத்திரண்டு வயசுப் பொண்ணச் சந்தையில உக்கார வெக்கறாரே' என்று உறவில் முணுமுணுப்பு உண்டு. அத்தா அதைக் காதில் வாங்குவதில்லை. இப்போது அவர் தொழுகைக்குப் போயிருந்தார்.

துணைக்கு இருந்தவள் கோவிந்தம்மாள். தேன்கல் மலை அடிவாரத்தில் கொல்லப்பட்டி என்ற ஊர்க்காரி. இரண்டு ஏக்கர் மானாவாரியில் கேழ்வரகும் அவரையும் போடுவாள். காட்டு வேலை இல்லாத நாட்களில் மலையேறி வேரும் பட்டையும் கொண்டுவந்து சுபான் பாய் கடைக்குக் கொடுப்பாள். கொல்லப்பட்டிக்கும் அந்தக் கடைக்கும் நாற்பது வருடப் பழக்கம்.

அப்போதுதான் அவன் வந்தான்.

வந்தான் என்று சொல்வதைவிட... விழுந்தான். கையில், இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே காகிதக் கட்டு ஒன்றை வைத்து வாரால் இறுக்கியிருந்த ஏதோ ஒரு சாமான். அதைத் தலைக்குப் பிடித்திருந்தால் அவனாவது நனையாமல் இருந்திருப்பான். அவனோ அதை மார்போடு அணைத்து, அதன்மேல் குனிந்து, முதுகு முழுக்க மழையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். சேற்றில் சறுக்கி நேராகத் தார்ப்பாய்க்குள் வந்து சேர்ந்தான்.

"ஐயோ... மூட்டை மேல உக்காராதீங்க!"

"உக்காரலீங்க... விழுந்துட்டேன்."

கோவிந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அவசரமாக எழுந்து நின்றான். உயரம்... ஒல்லி... நெற்றியில் ஒட்டிய முடி. இமைகளின் நுனியில் மழைத்துளிகள் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தன. 'கண்ணை மூடித் திறந்தா விழுந்துடும்...' என்று நினைத்தாள் ஜுபைதா. ஏன் அப்படி நினைத்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அவன் மூட்டையிலிருந்து ஒரு வேரை எடுத்து முகர்ந்தான்.

"இது நன்னாரி இல்லீங்களே?"

பக்கத்தில் ஒதுங்கி நின்று வேரைப் பொறுக்கிக்கொண்டிருந்த பாலக்கோட்டுப் பெரியவர் ஒருவரின் கை நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் ஜுபைதா.

"தப்பா நெனைக்காதீங்க. நன்னாரி வேர் கம்பி மாதிரி மெல்லிசா இருக்கும். இது வெரல் தண்டி, சதைப்பத்து. இது மாகாளி. வாசனை மட்டும்தான் ஒண்ணு, செடி வேற. நீங்க நன்னாரின்னு எழுதிப் போட்டுருக்கீங்க..."

பெரியவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். ஜுபைதாவின் முகம் சிவந்துவிட்டது.

"மலை நன்னாரின்னு எழுதியிருக்கேன். இந்தப் பக்கம் இதுக்கு அதாங்க பேரு. நன்னாரி தனி மூட்டை, அந்தாண்ட இருக்கு. கண்ணு தெரியலீன்னா அந்தச் சிலேட்டப் படிங்க!"

சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். அதில் 'நன்னாரி' மட்டும்தான் இருந்தது. முன்னாலிருந்த எழுத்துகள் வெள்ளைக் கோடுகளாக வழிந்து சட்டத்தின் மூலையில் சொட்டிக்கொண்டிருந்தன.

"மலை மழையில போயிடுச்சு கண்ணு!" என்றாள் கோவிந்தம்மாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஜுபைதாவின் கண்களைப் பார்த்ததும் அது பாதியிலேயே நின்றது. பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதான கண்கள். கொஞ்சம் ஈரம்கூட.

"மன்னிச்சிருங்க," என்றான் மெதுவாக. பெரியவர் பக்கம் திரும்பி, "ஐயா, இவங்க சொல்றதுதான் சரி. எனக்குத்தான் அவசரம். நல்ல வேருங்க, வாங்கிக்கிட்டுப் போங்க," என்றான்.

பெயர் காஜா ஷெரீப். ஊர் கிருஷ்ணகிரி. சேலத்துக் கல்லூரி ஒன்றில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி. இதையெல்லாம் கோவிந்தம்மாள்தான் கேட்டுக் கேட்டு வாங்கினாள். அந்த மரச்சட்டத்துக்குள் இருந்தவை அவன் பறித்துவந்த செடிகள். காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைக்க வேண்டுமாம். எவ்வளவு காத்தும் பாதிக் காகிதம் நனைந்து போயிருந்தது. அதைப் பார்த்தபோது அவன் முகத்தில் தெரிந்த வருத்தம்... அடிபட்ட ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்திருப்பவன் முகம் போல இருந்தது.

ஜுபைதா, பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய காகிதக் கட்டில் பாதியை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றான்.

"உங்க மேலதான் கோவம். செடி என்ன பண்ணுச்சு?"

*

எட்டு நாள் கழித்து அவன் தர்மபுரிக் கடைக்கு வந்தான். கையில் ஒரு காகிதம்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

ஜுபைதாவுக்குப் பக்கென்றது. பொட்டலக் காகிதத்தோடு போய்விட்டதா இது! கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு மருந்துக்கும் சொல்லும் பேர்களை எழுதி வைப்பது அவள் வழக்கம். தமிழ்க்காரர் நன்னாரி என்பார். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் கன்னடக்காரர் சொகதே பேரு என்பார்; பேரு என்றால் அவர்களுக்கு வேர். தெலுங்குக்காரப் பெண்கள் சுகந்தி பாலா என்பார்கள். யுனானி வைத்தியர் உஷ்பா என்று சீட்டு எழுதி அனுப்புவார். நால்வருக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"பேர் தெரியாம மருந்து மாத்திக் கொடுத்துரக் கூடாதுன்னு... சும்மா எழுதுனது," என்றாள்.

"சும்மாவா? நான் ரெண்டு வருஷமா அலையறேங்க. இந்த ஒரு காகிதத்துல இருக்கறதுல பாதி எங்கிட்ட இல்ல." அவன் குரலில் கேலி இல்லை. "இன்னும் இருக்கா?"

இருந்தது. நான்கு நோட்டு. எட்டாம் வகுப்பிலிருந்து எழுதியவை. இதுவரை யாரும் அவற்றைக் கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு முக்காட்டின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அப்துல் சுபான், "யாரும்மா?" என்றார்.

"காஜா ஷெரீப்புங்க. கிருஷ்ணகிரி. மாந்தோப்பு குத்தகை எடுப்பாரு மொயினுத்தீன்... அவரு மகன்."

"அப்பா காலமாயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். நல்ல மனுசன். உக்காருப்பா."

அதன்பிறகு வாரம் ஒருமுறை வந்தான். கடையின் நடுவில் மேசை, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், மூலையில் அத்தா. அவன் செடியைக் காட்டுவான்... அவள் பேர்களைச் சொல்லுவாள்.

"மலை நன்னாரிக்கு நீங்க என்ன பேரு வெச்சிருக்கீங்க? படிச்சவங்க பேரு?"

"டெகாலெபிஸ் ஹாமில்டோனியை."

"டெக்கா... என்னங்க இது, லாரி கம்பெனி பேராட்டம் இருக்கு!"

அத்தாகூடச் சிரித்துவிட்டார். காஜா நோட்டைக் கீழே பார்த்துக்கொண்டு, "இனிமே எனக்கும் அது லாரி கம்பெனிதான்..." என்றான்.

அவன் போன பிறகும் கடையில் ஏதோ ஒரு வாசனை மீதி இருந்தது. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தாள். எந்த டப்பாவிலும் அது இல்லை.

*

தை மாதம் பிறந்ததும் கோவிந்தம்மாள்தான் சொன்னாள். "தேன்கல்லுல காய் வெடிக்கற சமயம். பாய் தம்பி பாக்கணும்னா கூட்டிக்கிட்டு வா பாப்பா. நான் இருக்கேன்ல?"

அத்தா கொஞ்சம் யோசித்தார். "கோவிந்தம்மா கூட இருக்கறதுன்னா போயிட்டு வா. பொழுதோட திரும்பிடணும்."

மூன்று பேரும் ஏறினார்கள். முன்னால் கோவிந்தம்மாள், பின்னால் ஜுபைதா, பத்தடி தள்ளி அவன். துரிஞ்சி மரங்களைத் தாண்டி, கரும்பாறைகளின் இடுக்கில் நுழைந்து, மேற்குச் சரிவுக்கு வந்தபோது...

ஜுபைதா நின்றுவிட்டாள்.

பாறை முழுக்கக் கொடி. கொடியெங்கும் ஆட்டுக்கொம்பு போல ஜோடி ஜோடியாகக் காய்ந்த காய்கள். அவை பிளந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பிளவிலிருந்தும் பட்டு போன்ற வெள்ளைப் பஞ்சு... ஒவ்வொரு பஞ்சிலும் ஒரு சின்ன விதை... காற்று ஒன்று வந்தது. சரிவு முழுவதும் வெள்ளையாக எழுந்து மிதந்தது. வெயிலில் அவை மின்னின. அவள் முக்காட்டில் உட்கார்ந்தன. கன்னத்தைத் தொட்டன. கை நீட்டினாள். பிடிபடவில்லை... நழுவி நழுவிப் போயின.

திரும்பியபோது அவன் பஞ்சைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்குமா... அதற்குள் அவளுக்குக் காது நுனிவரை சூடாகிவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். இருவருமே பார்த்த பக்கத்தில் வெறும் பாறைதான் இருந்தது.

கோவிந்தம்மாள் ஒரு கொடியின் அடியில் குத்தவைத்து மண்ணைக் கையால் ஒதுக்கினாள். கொத்தாக ஏழெட்டு வேர்கள் தெரிந்தன. அதில் இரண்டை மட்டும் அறுத்து எடுத்தாள். மண்ணை மூடி, உள்ளங்கையால் தட்டினாள்.

"அவ்வளவுதானா அக்கா?" என்றான் காஜா.

"ஒரு கொடிக்கு ரெண்டு வேருதான் சாமி. அதுவும் காய் வெடிச்சுப் பஞ்சு பறந்தப்பறம்தான். இந்த வருசம் தொட்ட கொடிய அடுத்த வருசம் தொடக் கூடாது. எங்கூர்ல எல்லாருக்கும் அதான். சுபான் பாயும் அதுக்கு மேல கேட்டதில்ல... பத்தாத வருசம் கடையில இல்லேன்னு சொல்லிருவாரு."

அவன் சின்ன நோட்டை எடுத்து எழுதினான்.

"என்ன எழுதறீங்க?" என்றாள் ஜுபைதா.

"எந்தச் செடி, எந்த எடம், எப்படிப் போகணும், யார் சொன்னாங்க... எல்லாம் எழுதி செடியோட ஒட்டணும். அதான் மொறை."

"என் பேருமா?"

"உங்க பேருதாங்க மொதல்ல."

அன்று திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எங்கோ சேலத்தில், ஒரு பெரிய கட்டடத்தில், ஒரு செடியின் பக்கத்தில் தன் பேர். உங்க பேருதாங்க மொதல்ல... உங்க பேருதாங்க... பஸ்ஸின் சத்தம்கூட அதையே சொல்வது போல இருந்தது.

*

மாசி மாதத்தில் ஒரு காலை. கோவிந்தம்மாள் கடைக்கு வந்தாள். எப்போதும் வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவள், அன்று நின்றாள்.

"ஏன் பாப்பா, எங்க மலைய வித்துட்டியா?"

ஜுபைதாவுக்குப் புரியவில்லை.

"பெங்களூர்க் கான்ட்ராக்டர் ஒருத்தன் லாரியோட வந்திருக்கான். இருவது ஆளு, கடப்பாரை. நேரா மேக்குச் சரிவுக்குப் போறான். வழி கேக்கல, ஒண்ணும் கேக்கல. எப்படிய்யா எடம் தெரியும்னு கேட்டா காகிதத்தக் காட்டறான். அதுல எம்பேரும் உம்பேரும் எழுதியிருக்குதாம். வேரோட புடுங்கிப் போடறாங்க. ஊர்ல எல்லாரும் எம்மூஞ்சியப் பாக்கறாங்க பாப்பா..."

அவள் குரல் உடைந்தது. ஜுபைதாவின் கையிலிருந்த டப்பா நழுவி, தரையெங்கும் கடுக்காய் உருண்டது.

உங்க பேருதாங்க மொதல்ல.

பத்து நிமிடத்தில் அத்தாவிடம் சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினாள். வழியெல்லாம் நெஞ்சுதான் பேசியது. 'வித்துட்டான். எம்பேரையும் சேத்து வித்துட்டான். அந்தப் பஞ்சு பறந்தப்ப பாத்தானே... அதெல்லாம் இதுக்குத்தானா...'

மேற்குச் சரிவில் நாற்பது கொடிகளுக்குமேல் வேரோடு கிடந்தன. வெயிலில் இலைகள் சுருண்டிருந்தன. கீழே ஊர்க்காரர்கள் பாதையை மறித்து நின்றார்கள். முன்னால் ஊர்ப் பெரியதனம் பச்சியப்பன். கான்ட்ராக்டர் ஒரு காகிதத்தை ஆட்டி, "பர்மிஷன் இருக்குரீ, வழி விடுங்க," என்று கன்னட இழுவையோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம். சீல் வேறு. அதைப் பார்த்துத்தான் ஊர் தயங்கி நின்றது.

"குடுங்க," என்றாள் ஜுபைதா.

"நீ யாரம்மா?"

"எடம் எழுதுன உங்க இன்னொரு காகிதத்துல எம்பேரு இருக்குதாமே. நாந்தான் ஜுபைதா. குடுங்க."

அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரைதான் படித்திருந்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "கஸ்டர்டு ஆப்பிள்... டாமரிண்ட்... ஃப்ரூட்ஸ்..." அடுத்த வரி நீளமாக இருந்தது. புரியவில்லை. கண் இருட்டியது.

"சீத்தாப்பழமும் புளியும் மட்டும்தான் எடுக்கலாம். வேரோ, பட்டையோ, மரமோ எடுக்கறதுக்கு அனுமதி இல்ல. அதான் அடுத்த வரி."

தோளுக்குப் பின்னாலிருந்து காகிதத்தைப் படித்த குரல். அவளுக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. காஜா வாடகை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றிருந்தான்.

"நேத்து சாயங்காலம்தான் லேப்புல சொன்னாங்க, யாரோ வந்து செடியோட ஒட்டியிருந்த சீட்டப் பாத்து எழுதிக்கிட்டுப் போனாங்கன்னு. விடிஞ்சதும் மொத பஸ்ஸுல கெளம்பிட்டேன்..." என்றான் யாரையும் பார்க்காமல். பிறகு கான்ட்ராக்டரிடம் திரும்பினான். "இந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு நீங்க ஃபாரஸ்ட் ஆபீசுக்கு வரீங்களா, நாங்க எல்லாரும் போகட்டுங்களா?"

அது போதும் ஊருக்கு. பச்சியப்பன் ஒரு அடி முன்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் நூறு பேர் ஒரு அடி வைத்தார்கள். பிடுங்கிய மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. காஜா கோவிந்தம்மாளின் முன்னால் வந்து நின்றான்.

"நான் விக்கலீங்க அக்கா. ஆனா எழுதுனது நாந்தான். எடத்த எழுதலாமான்னு உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல."

கோவிந்தம்மாள் பிடுங்கிப் போட்ட கொடி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் ஜுபைதாவின் பக்கம் திரும்பினான். அவள் முந்திக்கொண்டாள்.

"இந்த ஊருக்கும் எங்க கடைக்கும் நாப்பது வருசப் பழக்கம். நீங்க ஒரு சீட்டுல அதப் போக்கிட்டீங்க. இனி எங்க கடை வாசப்படி மிதிக்காதீங்க."

சொல்லிவிட்டாள். அவன் தலையசைத்தான். சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு மெதுவாகப் போனான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்... என்ன செய்திருப்போம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

பங்குனி போனது. சித்திரையும் போனது. அவன் வரவில்லை. தபாலில் ஒரு கட்டு மட்டும் வந்தது. அவளுடைய நான்கு நோட்டுகள். கூட ஒரு வரி: 'சீட்டுகளிலிருந்து இடத்தையும் பெயர்களையும் வெட்டி எடுத்துவிட்டேன். புரொபசருக்குக் கோபம். உதவித்தொகை நின்றுவிட்டது. அது பரவாயில்லை. மன்னிக்கவும்.'

அன்று முழுவதும் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். அத்தா மூக்கை வைத்தே கண்டுபிடித்தார்.

"ஜுபேமா... அதிமதுரம் கேட்டவருக்குச் சித்தரத்தையக் குடுக்கற."

அவள் சித்தரத்தையை டப்பாவில் திரும்பக் கொட்டினாள்.

"தப்புப் பண்ணான். எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டான். நீ திட்டுனதும் சரிதான். ஆனா அவன் இல்லாத எடத்துல இன்னும் எதுக்கு அவன்கூட சண்ட போட்டுக்கிட்டிருக்க?"

"நான் சண்ட போடலத்தா..."

"எனக்குக் கண்ணுதாம்மா தெரியல."

வைகாசியில் கோவிந்தம்மாள் வந்தாள். அந்த மாசி மாதத்துக்குப் பிறகு அவள் கடைக்கு வருவது அதுதான் முதல்முறை. வந்தவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜுபைதாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத பாப்பா. ஊருக்கு இப்ப எல்லாம் தெரியும். ஒரு சேதி சொல்றேன். அந்தப் பாய் தம்பி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வரான். புடுங்கிப் போட்ட கொடியோட கட்டைய எல்லாம் திரும்பக் குழியில வெச்சு, கெணத்துலருந்து கொடத்துல தண்ணி தூக்கி ஊத்தறான். மொதல்ல யாரும் பேசல. இப்ப பச்சியப்பன் வூட்டுல சோறு போடறாங்க."

"எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"உங்கிட்டச் சொல்லச் சொல்லி அவன் சொல்லல. அதான் சொல்றேன்."

ஜுபைதா அத்தாவைப் பார்த்தாள். அத்தா கண்ணை மூடியபடியே, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? கோவிந்தம்மா வூட்டுக்குப் போயிட்டு வாம்மா," என்றார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது.

*

மேற்குச் சரிவில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காஜா முழங்கால் போட்டு, ஒரு குழியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தான். முகம் கறுத்திருந்தது. கையில் காப்பு காய்த்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன் குடத்தைச் சாய்த்தபடியே இருந்துவிட்டான்.

கோவிந்தம்மாள், "ஆடு அந்தாண்ட போயிடுச்சு... பாத்துட்டு வரேன்," என்று இறங்கிப் போனாள். அவளிடம் ஆடே கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

"எத்தன பொழச்சுது?" என்றாள் ஜுபைதா.

"நாப்பத்து மூணுல பதினேழு. சித்திர மழைக்குத் துளுத்துச்சு." அவன் விரலால் காட்டினான். கட்டையின் ஓரத்தில், நகம் அளவுக்குச் சிவந்த தளிர் இரண்டு. "மீதிய நான் கொன்னுட்டேங்க."

"கடப்பாரை வெச்சவங்க கொன்னாங்க. நீங்க சொல்லாம எழுதுனீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல." அவள் நிறுத்தினாள். "அன்னிக்கு எனக்கு அது தெரியல. ரெண்டையும் ஒண்ணாவே நெனச்சுத் திட்டிட்டேன்."

அவன் குடத்தில் மீதியிருந்த தண்ணீரையும் குழியில் ஊற்றினான்.

"படிப்பு?" என்றாள்.

"வேற காலேஜுல கேட்டிருக்கேன். எடத்த எழுத வேண்டாம், ஊர்க்காரங்கள கேட்டுட்டு எழுதினாப் போதும்னு ஒரு மேடம் சொல்லியிருக்காங்க. பாக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரியிலருந்து... தண்ணி ஊத்தவா வரீங்க?"

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்." அவன் தலை குனிந்துகொண்டான். "பாதி பொய்யிங்க."

"மீதிப் பாதி?"

"கோவிந்தம்மாக்கா உங்களப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாங்களான்னு..."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. இன்னும் ரெண்டு கொடம் தூக்கச் சொன்னாங்க."

ஜுபைதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அடக்கி வைத்த சிரிப்பு... பாதியில் அது அழுகையாக மாறியது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் எழுந்து ஓரடி வந்தான். பிறகு தயங்கி, வந்த அடியைப் பின்னால் வைத்தான்.

"கடைக்கு வாங்க," என்றாள்.

"வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு..."

"சொன்னது நாந்தானே? இப்ப கூப்பிடறதும் நாந்தான். தனியா வராதீங்க. உங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க."

"அம்மாவையா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அவங்களுக்கு மருந்து ஒண்ணும் வேண்டாங்களே..."

ஐயோ, எவ்வளவு படித்து என்ன! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாறையைப் பார்த்தாள், தளிரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். எதுவும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் அவன் கண்களையே பார்த்தாள்.

"மருந்து வாங்க இல்ல. எங்க அத்தாகிட்ட கேக்க."

"என்ன கேக்க?"

"என்னத்தான்..." என்றாள் ஜுபைதா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, இந்தமுறை அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"என்னத்தான் கேக்க வரச் சொல்றேன்."